கம்பெனி வகையறா

ஜவ்வாது மலையில் ஒருவரைப் புதிதாகப் பார்த்தால் பெயரைக் கடைசியில்தான் கேட்பார்கள். எந்த நாடு (மலையில் சில ஊர் சேர்ந்தால் ஒரு நாடு), எந்த ஊர், யாருடைய வகையறா, எந்த வீட்டில் பெண் எடுத்தீர்கள், எந்த வீட்டுக்குக் கொடுத்தீர்கள் என்று விசாரித்து முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். ஜமுனாமரத்தூர் டீக்கடையில் ஒரு பெரியவர் அப்படிக் கேட்டபோது, நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிறவள் சொன்ன பதிலை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"நான் கம்பெனி வகையறா" என்றாள்.

பெரியவருக்கு விளங்கவில்லை. அக்கா விளக்கினாள். பூமிக்கு அடியில் எண்ணெயும் கேஸும் தேடுகிற கம்பெனி. குடித்தனம் ஓரிடத்தில் கிடையாது. நடுக்கடலில் இரும்பிலே வீடு கட்டி இருக்கிறார்கள். பாலைவனத்தில் ஒட்டகம் நடக்கிற இடத்தில் கிணறு. அஸ்ஸாமில் தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் கிணறு. எண்ணெயைச் சுத்தம் பண்ணுகிற கம்பெனி இதற்குச் சம்பந்தி. இங்கிருந்து கச்சா எண்ணெய் போகும், அங்கே அது டீசலாகும், கொண்டு கொடுக்கிற வீடு. குழாய் பதிக்கிற கம்பெனி பங்காளி. எப்போதும் எல்லைத் தகராறுதான், ஆனாலும் நல்லது கெட்டதுக்கு வந்து நிற்கும். வெளிதேசத்தில் கிணறு தோண்ட ஒரு கம்பெனி வைத்திருக்கிறார்கள், அது தூர தேசத்தில் கட்டிக்கொடுத்த மகள். போக வர செலவு அதிகம், பெருமையும் அதிகம்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பெரியவர் கேட்டார்: "செரி, உனுக்கு அது இன்னா மொறை?"

"மாமியார் வூடு. வேலை வாங்கும், சோறு போடும். பேரு சொல்லிக் கூப்பிடாது."

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அவள் கணக்கில் அது முறையான பதில்.

அந்தக் கம்பெனி எவ்வளவு பெரியது என்பதை நான் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். பெட்ரோல் பங்க், குழாய்ப் பாதையில் மஞ்சள் கல், பேப்பரில் முழுப்பக்க விளம்பரம். அதன் பெயரை இங்கே எழுதவில்லை. அக்கா அதில் யார் என்று கேட்டால், யாருமில்லை. கம்பெனிக்காக நிலத்தைச் சோதிக்கிற வேலையை ஒரு கான்ட்ராக்டர் எடுப்பார். ஆள் கொண்டுவரும் வேலையை அவர் இன்னொரு கான்ட்ராக்டருக்குக் கொடுப்பார். அந்த இரண்டாம் ஆளுக்கு ஜவ்வாது மலையிலிருந்து ஆள் கூட்டிக்கொண்டு போகிறவள் அக்கா. போன இடத்தில் கேம்ப் சமையலும் அவள்தான். முதலில் சமையலுக்குத்தான் போனாள். மலைக்காரர்கள் எவ்வளவு தூரம் நடந்தாலும் முகம் சுளிப்பதில்லை என்று கண்ட கான்ட்ராக்டர், இன்னும் கொஞ்சம் பேரைக் கூட்டி வரச் சொன்னார். அப்படித் தொடங்கியது.

கம்பெனி வரலாற்றை அவள் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒவ்வொரு சீசனும் கேம்ப் தொடங்குகிற நாளில் புது ஆட்களை உட்காரவைத்து ஒரு படம் போடுவார்கள். கம்பெனியின் கடல், கிணறு, ஹெலிகாப்டர், பெரிய அதிகாரிகள், கடைசியில் ஹெல்மெட் போடச் சொல்லி ஒரு பாட்டு. ஆட்கள் தூங்குவார்கள். அக்கா சமையல் கூடார வாசலில் கரண்டியோடு நின்று ஒவ்வொரு வருஷமும் முழுக்கப் பார்த்தாள். புரியாத இடங்களை யாரிடமாவது கேட்டாள். கேட்டதையெல்லாம் தனக்குத் தெரிந்த ஒரே முறையில், உறவு முறையில், அடுக்கிவைத்துக்கொண்டாள்.

அதனால் அவளுக்குச் சில சங்கடங்களும் இருந்தன. மலையில் ஒரு வீட்டில் கேஸ் சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்று அந்த வீட்டுப் பெண் பொதுவாகச் சலித்துக்கொண்டாள். அக்காவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. தன் வீட்டுப் பிள்ளை அடுத்த வீட்டில் ஏதோ தப்புப் பண்ணிவிட்டதைப்போல உள்ளே போய் அடுப்பைப் பார்த்து, குழாயை மோந்து, பர்னரைக் கழற்றிக் கழுவிக் கொடுத்துவிட்டு வந்தாள். "நம்ம காத்துல குத்தம் இல்ல. உன் அடுப்புல அடைப்பு" என்று சொல்லிவிட்டுத்தான் அவளுக்கு நிம்மதி.

நான் அவளிடம் சேர்ந்தது போளூர் பஸ் ஸ்டாண்டில். சந்தவாசல்தான் எனக்கு ஊர். எட்டாவதோடு படிப்பு நின்றது. லாரியில் கிளீனராக இருந்தேன், போர்வெல் வண்டியோடு மூன்று மாநிலம் சுற்றினேன், பெங்களூரில் பரோட்டாவுக்கு மாவு பிசைந்தேன். எந்த வேலையிலும் யாரும் என்னைத் துரத்தியதில்லை. எனக்கே கால் நிற்காது. அன்று செங்கல் சூளையிலிருந்து வந்து பெஞ்சில் படுத்திருந்தேன். பைகளோடும் ஆட்களோடும் வந்த அக்கா, என் முகத்தைப் பார்க்காமல் பாதத்தைப் பார்த்தாள்.

"வெடிப்பு கீது. நடந்த காலு. வேலைக்கு வர்றியா, கீழ்நாட்டான்?"

சமவெளிக்காரனை மலையில் கீழ்நாட்டான் என்பார்கள். என்ன வேலை என்று கேட்டேன். பூமிக்குக் காது வைக்கிற வேலை என்றாள். அது உண்மைதான். வயலில் ஆழமாகத் துளை போட்டு வெடி வைப்பார்கள். அதற்கு முன்பே நாங்கள் கேபிளை மைல் கணக்கில் இழுத்துப் போட்டு, ஜக் என்கிற சின்னக் கருவிகளை வரிசையாக மண்ணில் நட வேண்டும். வெடித்ததும் அதிர்வு கீழே போய்ப் பாறையில் மோதித் திரும்பிவரும். அந்த எதிரொலியை ஜக்குகள் கேட்கும். அதை வைத்து அடியில் எண்ணெய் இருக்குமா என்று அதிகாரிகள் கணக்குப் போடுவார்கள். வெடிக்கிற நேரத்தில் கேபிள் போட்ட லைனில் இருக்கிற யாரும் அசையக்கூடாது. ஒருவன் நடந்தால் அவன் காலடியும் அதில் பதிவாகிவிடும். சேற்றில் ஒரு காலும் வரப்பில் ஒரு காலுமாக, கொசு கடிக்கக் கடிக்க நின்றிருக்கிறேன். கஷ்டம் என்று சொல்ல முடியாது. சூளையைவிட நல்ல வேலை. சாப்பாடு நன்றாக இருந்தது.

இரண்டு சீசன் போன பிறகு நான் அக்காவிடம் ஒருமுறை கேட்டுவிட்டேன். "இன்னாக்கா நம்ம கம்பெனி நம்ம கம்பெனின்ற? அவங்க ரெஜிஸ்தர்ல நம்ம யாரும் கிடையாது. உன் பேராவது அங்க ஒருத்தருக்குத் தெரியுமா?"

அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. "சோறு ஒரே பானைல பொங்குதா இல்லியா, அத்த சொல்லு."

எனக்கு அது பதிலாகத் தோன்றவில்லை.

மூன்றாம் சீசனில் மலையில் ஆள் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. காரணம் கூலி இல்லை, பயம். செம்மரம் வெட்டப் போனார்கள் என்று எல்லைக்கு அப்பால் போலீசார் மலைக்காரர்களைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சிலர் வெட்டப் போனவர்கள். சிலர் வேறு வேலைக்குப் போகிற வழியில் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டவர்கள். ஊரில் யாரும் இரண்டையும் பிரித்துப் பேசுவதில்லை. சாமை அறுவடை முடிந்து பொங்கலும் கழிந்தது. கோதாவரிக் கரைப்பக்கம் கேம்ப் தொடங்குகிற நேரம். அங்கே போக வேண்டுமானால் அந்தப் பாதையில்தான் போக வேண்டும்.

அக்காவின் ஊரில் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். நானும் மலையேறிப் போயிருந்தேன். ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர் யாரையும் அனுப்புவதாக இல்லை. புருஷன் போன வருஷம் பிடிபட்டு இன்னும் வராத ஒரு பெண் கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். அவள்தான் கேட்டாள்:

"உன் கம்பெனி பெரிய கம்பெனின்றியே. வழியில புடிச்சிட்டா வந்து எடுக்குமா?"

"எடுக்கும்" என்றாள் அக்கா.

"வரலன்னா?"

அக்கா கோயிலைப் பார்த்தாள். "எல்லாரையும் திருப்பிக் கொண்டாந்து இங்க வுடறேன். ஒரு ஆளு கொறைஞ்சாலும் நான் இந்த மலைய ஏற மாட்டேன். எம் மூஞ்சிய நீங்க பார்க்கத் தேவையில்ல."

மலையில் அப்படிக் கோயில் முன் சொல்லிவிட்டால் சொன்னதுதான். அவளுக்கு அந்த மலையைத் தவிர வேறு மண் கிடையாது. அவள் வீடு, புளியமரங்கள், தங்கைகள், எல்லாம் அந்தக் காட்டுக்குள்தான். அதைப் பணயம் வைத்து ஆட்களைக் கேட்டாள். கொடுத்தார்கள். கம்பெனி வராது என்று அந்தக் கூட்டத்தில் நிச்சயமாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். வாயைத் திறக்கவில்லை, எனக்கும் அந்த வேலை வேண்டியிருந்தது.

அக்கா ஒரு யோசனை செய்திருந்தாள். கேம்பில் போட்டுக்கொள்ளும் ஆரஞ்சுச் சட்டை, முதுகில் கம்பெனி பெயர் போட்டது, பழைய சீசன்களில் கிழிந்துபோனதாகக் கழித்துவிட்டதையெல்லாம் சேர்த்து எடுத்துவந்து தைத்து வைத்திருந்தாள். மலையிலேயே எல்லோருக்கும் மாட்டிவிட்டாள். தானும் சேலைக்கு மேல் ஒன்றைப் போட்டுக்கொண்டாள். இந்தச் சட்டையைப் பார்த்தால் எந்தப் போலீசும் தொடமாட்டான் என்றாள். போளூரில் இறங்கியபோது எங்களைச் சர்க்கஸ்காரர்கள் என்று நினைத்தார்கள். வேலூரில் ஒருவர் ரோடு எப்போது போடுவீர்கள் என்று கேட்டார்.

எல்லையைத் தாண்டி ஒரு செக்போஸ்டில் பஸ் நின்றது. ஏறிய கான்ஸ்டபிள் ஆரஞ்சு வரிசையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். எல்லோரையும் இறங்கச் சொன்னார். பஸ் போய்விட்டது.

சட்டையே எங்களைக் காட்டிக்கொடுத்தது என்று எஸ்.ஐ. வந்த பிறகுதான் தெரிந்தது. கேம்ப் அடையாள அட்டை அங்கே போன பிறகுதான் தருவார்கள். ஒருவரிடமும் அட்டை இல்லை. சட்டை மட்டும் இருக்கிறது, அதுவும் ஒட்டுப் போட்டது. எஸ்.ஐ. எல்லைப்பக்கத்து ஆள், நன்றாகத் தமிழ் பேசினார்.

"மரம் வெட்றவங்களுக்கு இப்ப யூனிஃபாரம் வேற குடுக்கறாங்களா? எந்தக் கடையில எடுத்தீங்க?"

அக்கா முன்னால் வந்தாள். கடல் கிணற்றில் தொடங்கினாள். பாலைவனம், அஸ்ஸாம், சம்பந்தி, பங்காளி, தூர தேசத்து மகள். எதையும் விடவில்லை. கான்ஸ்டபிள்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். எஸ்.ஐ.யும் கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு கேம்ப் நம்பரைக் கேட்டு வாங்கி, ஸ்பீக்கரில் போட்டு எங்கள் பெயர்களைப் படித்தார்.

கேம்ப் ஆபீஸ் கிளார்க் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: இந்தப் பெயர்கள் எதுவும் எங்கள் பதிவில் இல்லை.

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். எஸ்.ஐ. சிரிப்பதை நிறுத்திவிட்டு, வேன் கொண்டுவரச் சொன்னார். அக்கா பார்ட்டி சீஃபிடம் பேச வேண்டும் என்றாள். பார்ட்டி சீஃப் என்றால் கேம்புக்கே பெரிய அதிகாரி, கம்பெனியின் சொந்த ஆள், காரைக்கால் பக்கத்துக்காரர். அவர் வயலில், கேபிள் லைனில் இருக்கிறார் என்றார் கிளார்க். "லைன்லேந்து வர்ற வரைக்கும் குந்தினு கீறோம்" என்று அக்கா தார் ரோட்டோரம் வெயிலிலேயே உட்கார்ந்தாள். நாங்களும் உட்கார்ந்தோம். வேன் வந்து நின்றது. ஏறச் சொன்னால் ஏறுவதற்கு எங்களில் பாதிப் பேர் தயாராகிவிட்டார்கள். அக்கா எழுந்திருக்கவில்லை.

போன் வந்தது. எஸ்.ஐ. விஷயத்தைச் சொன்னார். பார்ட்டி சீஃப் மரியாதையாகத்தான் பதில் சொன்னார். அவர்கள் லேபர் கான்ட்ராக்டருடைய ஆட்களாக இருக்கலாம், கான்ட்ராக்டரைத்தான் கேட்க வேண்டும், கம்பெனிக்கும் அவர்களுக்கும் நேரடியாக ஒன்றும் இல்லை என்றார்.

அக்கா கையை நீட்டினாள். எஸ்.ஐ. என்ன நினைத்தாரோ, போனைக் கொடுத்தார்.

"சார், நான்தான். கிச்சன்."

அந்தப் பக்கம், "சொல்லும்மா" என்றார்.

"போன சீசன்ல புயலடிச்சி ரோடு அறுந்துபோச்சே. அரிசி லாரி வரல. சாமைக் கஞ்சி குடிச்சீங்களே சார், அத்த எந்தக் கான்ட்ராக்டர் குடுத்தாரு?"

அந்தக் கஞ்சியை நானும் குடித்தேன். கேம்பைச் சுற்றித் தண்ணீர். ஸ்டோரில் அரிசி தீர்ந்துபோனது. ஊரிலிருந்து தன் ஆட்களுக்காக அக்கா கொண்டுவந்திருந்த சாமை மூட்டைகளைப் பிரித்து எல்லோருக்கும் காய்ச்சினாள். அதிகாரிகளும் நாங்களும் தட்டோடு ஒரே வரிசையில் நின்றோம். ரோடு சரியான பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அக்காவும் பேசியதில்லை.

"நான் மொறை கேக்கறேன் சார்" என்றாள் அக்கா. குரல் உயரவில்லை. "எங்க சோத்தத் துன்னீங்க. உங்க சோத்த நாங்க ஆக்கறோம். உங்களுக்கு நாங்க இன்னா வேணும்? நீங்களே சொல்லுங்க. இல்லன்னு சொன்னாலும் நான் ஒத்துக்கறேன். ஆனா இவங்க எல்லார் காதுலயும் விழற மாதிரி சொல்லுங்க."

போனில் காற்று அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அவர் லைனிலேயே, வயல் நடுவில் நின்றிருக்க வேண்டும். வெடிக்குக் காத்து நிற்கும்போது நாங்கள் நிற்பதைப்போல, செக்போஸ்டில் ஒருவரும் அசையவில்லை.

"போனை அவர்கிட்ட குடும்மா" என்றார்.

எஸ்.ஐ. வாங்கினார். ஸ்பீக்கர் அப்படியேதான் இருந்தது.

"சார், அந்த அம்மாகூட இருக்கறவங்க எல்லாரும் எங்க ஆளுங்க. ஒருத்தர் விடாம அனுப்பி வைங்க. இப்பவே நான் மெயில்ல எழுதித் தர்றேன். வேற எதுனா வேணும்னா நானே கிளம்பி வர்றேன்."

எங்களில் ஒருவன் விசில் அடித்துவிட்டான். அக்கா அவனை முறைத்தாள். எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். மெயில் வந்தது. அதைப் படித்து முடித்து, அடுத்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தியதும் அவர்தான். வேன் காலியாகத் திரும்பியது.

நாங்கள் ஏறிக்கொண்டிருந்தோம். அக்கா ஏறவில்லை. செக்போஸ்ட் கொட்டகையின் மூலையில் ஒரு ஆள் குந்தியிருந்தார். நாற்பது வயசிருக்கும், லுங்கி, பையில்லை. காலையில் வேறொரு பஸ்ஸிலிருந்து இறக்கியிருந்தார்கள். அந்த முகம் மலைக்காரர் முகம் என்று எனக்கும் தெரிந்தது. நான் அதற்கு மேல் பார்க்கவில்லை. அக்கா நேராக அவரிடம் போனாள்.

"எழுந்திருப்பா. பஸ் போய்டும்."

அந்த ஆள் விழித்தார். எஸ்.ஐ. குறுக்கே வந்தார். "இவன் உங்க ஆளா? சட்டை கூட இல்ல?"

"சார் இன்னா சொன்னாரு? என்கூட கீறவங்க எல்லாரும்னாரு. இவரு என்கூடதான் கீறாரு."

"காலையிலேந்து கேக்கறேன், ஒரு வார்த்தை பேசல."

"கம்பெனி பேரு நீளம் சார். அவருக்கு வாய்ல நுழையாது."

எஸ்.ஐ. அவளைப் பார்த்தார், மெயிலைப் பார்த்தார். அவர் நம்பினார் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கான்ஸ்டபிள்கள் மறுபடி சிரிக்கத் தொடங்கியிருந்தார்கள், அவர் முகத்திலும் அது வந்துவிட்டது. "ஏறுங்க, ஏறுங்க" என்று எல்லோரையும் சேர்த்து விரட்டினார்.

பஸ் கிளம்பிய பிறகு யார் அவர் என்று அக்காவைக் கேட்டேன். தெரியாது என்றாள்.

"மரம் வெட்டப் போனவரா இருந்தா?"

"நாளைக்கு ஜக் நடப் போறாரு" என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, கேம்ப் வரும்வரை தூங்கினாள். அவ்வளவு வருஷத்தில் பயணத்தில் அவள் தூங்கி நான் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் சாயங்காலம் பார்ட்டி சீஃப் சமையல் கூடாரத்துக்கு வந்து அவள் பெயரைக் கேட்டுக்கொண்டு போனார். அடுத்த சீசனிலிருந்து புறப்படுவதற்கு முன்பே போளூருக்கு அட்டைகள் வந்துவிட்டன. படம் ஒட்டி, கம்பெனி முத்திரை போட்டு, ஆளுக்கு ஒன்று. கான்ட்ராக்டர் பெயர் கீழே சிறியதாக இருந்தது. அதற்கப்புறம் எங்களை யாரும் பஸ்ஸிலிருந்து இறக்கவில்லை. நான் இன்னும் ஒரு சீசன் போனேன். பிறகு கால் வேறு பக்கம் இழுத்தது, ஒரிசாவுக்குப் போய்விட்டேன். இப்போதும் அக்கா ஆள் கூட்டிக்கொண்டு போகிறாள் என்று போளூரில் கேள்விப்பட்டேன்.

ஆனால் எனக்கு அவளை நினைத்தால் வருவது அந்த மூன்றாம் சீசன் முடிந்து மலை திரும்பிய நாள்தான். மழைக்கு முன்னால் திரும்பினோம். மலைப் பஸ்ஸில் உட்கார இடமில்லை. ஊர் விலக்கில் பெண்கள் முன்பே வந்து நின்றிருந்தார்கள். ஒவ்வொருவராக இறங்க இறங்க ஊர்க்கவுண்டர் தலையை எண்ணினார். அந்தப் பெண்ணும் நின்றாள், புருஷன் இன்னும் வராதவள். அவளும் எண்ணினாள். கடைசியாக லுங்கிக்காரர் இறங்கினார். மலையின் அந்தப் பக்கத்து ஊர் அவருக்கு. இங்கே யாருக்கும் அவரைத் தெரியாது.

ஊர்க்கவுண்டர் எண்ணுவதை நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து எண்ணினார். "ஏம்மா, கணக்கு ஒதைக்குதே" என்றார்.

அக்கா பஸ் படியிலிருந்து மலையில் கால் வைத்தாள்.

"கூடத்தான கீது? கொறையலியே."